பேச்சு, செவித்திறன் சிகிச்சைப் படிப்பு: எந்தப் பதிவு எங்கே செல்லுபடியாகும்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைத் தோப்புக்காரர்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரத்துச் சித்தூர் அன்று), கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊரில் வசிக்கிறோம். என் மகள் இங்குள்ள தமிழ்வழிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்து, பிறகு பன்னிரண்டாம் வகுப்பை இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களோடு முடித்திருக்கிறாள். பேச்சு வராத குழந்தைகளுக்கும் காது கேளாதவர்களுக்கும் பயிற்சி அளிக்கும் படிப்பில் சேர வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இத்துறையில் யாரும் இல்லாததால், கேட்டவரெல்லாம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

என் மைத்துனர், ஓராண்டு டிப்ளமோ முடித்தால் போதும், பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ தனியாக மையம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். பட்டம் கேரளத்தில் வாங்கினால் தமிழ்நாட்டில் மறுபடியும் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்கிறார் இன்னொருவர். கோயம்புத்தூரில் ஒரு முகவரோ, சில மாத இணையவழி வகுப்புக்குப் பின் ‘பன்னாட்டுச் சான்றிதழ்’ கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் போகலாம் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். இவற்றில் எது சட்டப்படி தேவையான தகுதி, எது வெறும் காகிதம் என்பதைத் துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பொள்ளாச்சி தெரபிஸ்ட்

வணக்கம் ஐயா. நானும் உங்கள் தாலுகாவைச் சேர்ந்தவள்தான். இப்போது பொள்ளாச்சியில் ஸ்பீச் தெரபிஸ்டாகவும் (பேச்சு சிகிச்சையாளர்) ஆடியாலஜிஸ்டாகவும் (செவித்திறன் வல்லுநர்) பணிபுரிகிறேன். முகவருக்கு எந்தத் தொகையும் கொடுக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் இத்தொழிலுக்கு அடிப்படை 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். ஆர்.சி.ஐ. என்று நாங்கள் சொல்லும் அந்த கவுன்சில், எந்தப் படிப்பு எந்தக் கல்லூரியில் நடக்கலாம் என்று ஒப்புதல் கொடுப்பதோடு, படித்து முடித்தவர்களின் பெயரை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் சேர்த்துப் பதிவு எண்ணும் வழங்குகிறது. சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்வதை உங்கள் மைத்துனருக்குப் படித்துக் காட்டலாம். இந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அரசுப் பணியிலோ நிறுவனங்களிலோ மறுவாழ்வு வல்லுநர் என்ற பதவியில் இருக்க முடியாது. நாட்டின் எந்தப் பகுதியிலும் தொழில் நடத்த முடியாது. சட்டப்படி வல்லுநர் கையொப்பமிட வேண்டிய சான்றிதழ்களில் கையொப்பமிட முடியாது. நீதிமன்றத்தில் வல்லுநராகச் சாட்சி சொல்லவும் முடியாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத் தொகை இன்றைய நிலவரத்துக்குச் சிரிப்பை வரவழைப்பதுதான். ஆனாலும் பதிவு இல்லை என்று தெரிந்தால் ஒழுங்கான மருத்துவமனை எதுவும் வேலை கொடுக்காது என்பதே நடைமுறையில் பெரிய தண்டனை.

அந்தப் பிரிவில் ‘இந்தியாவின் எந்தப் பகுதியிலும்’ என்று வருவதைக் கவனியுங்கள். பதிவேடு நாடு முழுமைக்கும் ஒன்றே. ஷொர்ணூரில் படித்தாலும் சென்னையில் படித்தாலும் மைசூரில் படித்தாலும் பதிவு எண் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. வாளையாறு எல்லையைத் தாண்டும்போது அது செல்லாமல் போவதில்லை. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மாநில கவுன்சில்கள் இருப்பதைப் பார்த்து, எங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

இனி, டிப்ளமோ. செவித்திறன், மொழி, பேச்சு குறித்த ஓராண்டு டிப்ளமோ (டி.எச்.எல்.எஸ்.) உண்மையிலேயே ஆர்.சி.ஐ. ஒப்புதல் பெற்ற படிப்புத்தான்; அதை முடித்தவர்களுக்கும் பதிவு உண்டு. ஆனால் அவர்கள் பட்டம் பெற்ற ஆடியாலஜிஸ்ட் அல்லது பேச்சு மொழி வல்லுநரின் மேற்பார்வையில் வேலை செய்யும் உதவிப் பணியாளர்களே. சொந்தப் பொறுப்பில் நோயறிந்து சிகிச்சை முடிவு செய்யும் தகுதி அதில் வராது. செவித்துணைக் கருவி பழுதுபார்ப்பவருக்கும் காது அச்சு செய்பவருக்கும் தனி டிப்ளமோ, தனிப் பிரிவு. கடைத்தெருவில் ‘காது மிஷின்’ விற்பவர் வெள்ளை மேலங்கி அணிந்திருப்பதால் மட்டும் ஆடியாலஜிஸ்ட் ஆகிவிடுவதில்லை.

தனித்துத் தொழில் செய்ய வேண்டுமென்றால் பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது செவித்திறனியல், பேச்சு மொழி நோயியல் இளநிலைப் பட்டம் வேண்டும். மூன்றாண்டு படிப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியுமாக மொத்தம் நான்கு ஆண்டுகள். இதன் சிறப்பு, பேச்சு மொழிக் குறைபாடுகளையும் செவித்திறனையும் ஒரே பட்டத்தில் கற்பதுதான், எம்.எஸ்சி. சேரும்போதுதான் இரண்டு கிளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கு அருகிலேயே ஷொர்ணூர் கவளப்பாறையில் ஐகான்ஸ் நிறுவனம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் நிஷ் எனப்படும் தேசியப் பேச்சு செவிப்புல நிறுவனம், கோழிக்கோட்டில் ஏ.டபிள்யூ.எச். சிறப்புக் கல்லூரி, சென்னையில் ஸ்ரீராமச்சந்திரா, மெர்ஃப் போன்றவை, மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு செவிப்புல நிறுவனம் (எங்களில் எவரைக் கேட்டாலும் ‘ஐஷ்’ என்றுதான் சொல்வார்கள்) ஆகியவையும் உண்டு. எங்கே இடம் கிடைத்தாலும், பணம் கட்டும் முன் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரை மட்டுமன்றி, அந்தப் படிப்புக்கான ஒப்புதல் எந்த ஆண்டுவரை உள்ளது என்பதையும் பாருங்கள். ஒப்புதல் காலவரையறையோடு தரப்படுவது. ஒப்புதல் இல்லாத ஆண்டில் சேர்ந்தவரின் பட்டத்தில் பல்கலைக்கழக முத்திரை இருக்கும். பதிவு எண் மட்டும் வராது.

பதிவைக் காலாவதி ஆகும் முன் புதுப்பிக்கவும் வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட தொடர்கல்விக் கருத்தரங்குகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். இந்தியப் பேச்சு செவிப்புலச் சங்கம், அதாவது ‘இஷா’, எங்கள் தொழில்முறைச் சங்கம். அதில் உறுப்பினராவது நல்லதே, ஆனால் அந்த உறுப்பினர் அட்டை தொழில் உரிமம் ஆகாது.

மறுமொழி 2: டெக்சாஸில் ஒரு வேலந்தாவளத்துக்காரர்

முகவர் சொன்ன ‘பன்னாட்டுச் சான்றிதழ்’ பற்றி மட்டும் எழுதுகிறேன். எல்லா நாடுகளிலும் செல்லுபடியாகும் சான்றிதழ் என்று ஒன்று இத்துறையில் கிடையாது. அமெரிக்காவைப் பொறுத்தவரை, 1925-இல் தொடங்கப்பட்ட ஆஷா என்னும் அமெரிக்கப் பேச்சு மொழி செவிப்புலச் சங்கம் வழங்கும் மருத்துவத் தகுதிச் சான்றிதழைத்தான் (ஆங்கிலச் சுருக்கம் சி.சி.சி.) மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். இங்கே எல்லாரும் அதை ‘சி’கள் என்பார்கள், ‘உனக்கு சி வந்துவிட்டதா’ என்பதுதான் புதிதாக வந்தவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி.

பேச்சு மொழி நோயியலில் அதைப் பெற முதுகலைப் பட்டம் கட்டாயம். நம் நான்காண்டுப் பட்டத்தை மட்டும் வைத்து விண்ணப்பிக்க இயலாது. படிப்பின்போது மேற்பார்வையுடன் 400 மணி நேர மருத்துவப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதில் 25 மணி நேரம் பார்த்துக் கற்பது, 375 மணி நேரம் நோயாளிகளோடு நேரடியாகப் பணிபுரிவது. அந்த 400-இல் 325 மணி நேரமாவது முதுகலை நிலையில் செய்ததாக இருக்க வேண்டும். பிறகு ப்ராக்சிஸ் என்னும் தேர்வு: 150 நிமிடத்தில் 132 வினாக்கள், 100 முதல் 200 வரையிலான அளவையில் 162 எடுத்தால் தேர்ச்சி. அதற்கும் பிறகு, சான்றிதழ் பெற்ற ஒருவரின் வழிகாட்டுதலில் குறைந்தது 36 வார முழுநேரப் பணி, கணக்கில் 1260 மணி நேரம். வழிகாட்டுபவர் பெயருக்குக் கையெழுத்துப் போடுபவராக இருக்க முடியாது. அவர் சான்றிதழ் பெற்ற பின் ஒன்பது மாத முழுநேர அனுபவமும் மேற்பார்வை குறித்த பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் கிடைத்த பின்னரும் மூன்று ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும். இத்தனையையும் சில மாத இணைய வகுப்பில் அடக்கிவிடுவதாக ஒருவர் சொன்னால், அவர் இந்த விதிகளைப் படித்ததே இல்லை, அல்லது நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறார்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கும் அந்தச் சான்றிதழ்கூடச் சட்டப்படியான உரிமம் அன்று என்பதைத்தான் இந்தியாவிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. ஆஷா ஒரு தொழில்முறைச் சங்கம். அதன் சான்றிதழ் தன்விருப்பின் பேரில் பெறுவது. தொழில் செய்யும் உரிமையை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி தனியாக வழங்குகிறது. சங்கச் சான்றிதழ் இருந்தால் மாநில உரிமம் எளிதாகும், மருத்துவமனைகளும் விரும்பும். ஆயினும் ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்பாது. இந்தியாவில் நாடு முழுமைக்கும் ஒரே பதிவு; இங்கே பொதுவாக மாநிலம் மாறினால் உரிமமும் மாற வேண்டும். கேரளம், தமிழ்நாடு பற்றி உங்களிடம் ஒருவர் சொன்னது அமெரிக்காவுக்குத்தான் பொருந்துகிறது.

செவித்திறன் துறையின் பாதை வேறு. 2012 முதல் ஆஷா சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் ஆடியாலஜிஸ்டுகளுக்கு முனைவர் நிலைப் பட்டம் தேவை. வழக்கமாக அது பட்டப்படிப்புக்குப் பின் நான்காண்டு ஏ.யு.டி. (செவித்திறனியல் முனைவர்) படிப்பு. ஆகவே ஆடியாலஜியும் ஸ்பீச்சும் சேர்த்துப் படித்த நம்மவர்கள், இங்கே வந்தால் இரண்டையும் செய்யலாம் என்று எண்ணிக்கொள்வது சரியன்று. இங்கே இவை தனித்தனித் தொழில்கள், தனித்தனிச் சான்றிதழ்கள்.

ஆஷாவுக்கு ஐக்கிய இராச்சியம், கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் சங்கங்களோடு பேச்சு மொழித் துறையில் பரஸ்பர அங்கீகார உடன்பாடு உண்டு. அதில் இந்தியா இல்லை. இந்தியாவில் எம்.எஸ்சி. முடித்தவர் விண்ணப்பிக்கலாம், ஆனால் பட்டம் அமெரிக்க முதுகலைக்குச் சமமானது என்ற மதிப்பீட்டறிக்கை, பாடவாரியான விவரம், பயிற்சி மணிக்கணக்கு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். ஆகையால் உங்கள் மகள் நாளை எந்த நாட்டுக்குப் போகிறாளோ இல்லையோ, முதலாண்டிலிருந்தே பயிற்சி மணிநேரங்களை நாள், நோயாளியின் வயதுப்பிரிவு, குறைபாட்டு வகை ஆகியவற்றோடு எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஆறேழு ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்றுவிட்ட பேராசிரியரைத் தேடி அலைந்து இந்தக் கணக்கை எழுதி வாங்குவது பெரும்பாடு.

மறுமொழி 3: மீனாட்சிபுரம் அம்மா

நான் துறை சார்ந்தவள் அல்லள். காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்செவியில் அறுவைச் சிகிச்சை மூலம் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்திய ஒரு சிறுவனின் தாய். அறுவைச் சிகிச்சை சில மணி நேரம், பயிற்சியோ பல ஆண்டுகள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்; ஆகவே யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கிறோம் என்பதே எங்களுக்கு முதற்கவலை. பெற்றோர்கள் தயங்காமல் பதிவு எண்ணைக் கேட்கலாம், ஆர்.சி.ஐ. தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கவும் முடிகிறது. எங்களுக்குக் கிடைத்த தெரபிஸ்ட், கேட்கும் முன்பே தன் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தார்.

ஆனால் பதிவேடு சொல்லாத ஒன்று உண்டு. வல்லுநர் எந்த மொழியில் சோதிக்கத் தெரிந்தவர் என்பது அந்த எண்ணில் இல்லை. இந்த எல்லைப்புறத்தில் வீட்டில் தமிழ், கடையில் இரண்டும், அங்கன்வாடியில் மலையாளம் என்று வளரும் பிள்ளையை, மலையாளம் பேசும் பிள்ளைகளுக்காக அமைத்த சோதனையை வைத்து அளந்தால் இல்லாத குறையும் இருப்பதாகத் தெரியும். மலையாளத்தில் உள்ள மூச்சொலி கலந்த எழுத்துகளைத் தமிழ்ப் பிள்ளை அழுத்தமின்றிச் சொன்னால் அது உச்சரிப்புக் கோளாறு ஆகாது. எங்கள் தெரபிஸ்ட் மலையாளி. எனினும் வீட்டில் பேசும் பேச்சை என்னிடம் விசாரித்துக் குறித்துக்கொண்ட பிறகே மதிப்பீட்டைத் தொடங்கினார். இரு மொழியும் தெரிந்த உங்கள் மகளைப் போன்ற ஒருத்திக்கு இங்கே எவ்வளவு தேவை இருக்கிறது என்பதை, எல்லாக் கவலைகளுக்கும் நடுவே, நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் அண்ணா.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மிக்க நன்றி. முகவரிடம் போகப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். மகள் இதையெல்லாம் என்னோடு உட்கார்ந்து படித்துவிட்டு இரண்டு சந்தேகங்களை எழுதச் சொன்னாள். வளைகுடா நாடுகளுக்கு முதுகலை இல்லாமல், பட்டத்தோடு போக முடியுமா? இங்கேயே இருந்து தனியாக மையம் தொடங்குவதானால் ஆர்.சி.ஐ. பதிவு மட்டும் போதுமா?

மறுமொழி 4: அபுதாபி ஆடியாலஜிஸ்ட், கொல்லங்கோடு

முதற்கேள்விக்கு விடை: போகலாம். நான் இளநிலைப் பட்டத்தோடு வந்தவன்தான். ஆனால் பட்டம் வாங்கிய கையோடு வர இயலாது. பதிவு பெற்ற பிறகான பணி அனுபவத்தைக் கேட்பார்கள். துபாய், அபுதாபி, சவூதி, கத்தார் என ஒவ்வோர் இடத்திலும் உரிமம் தரும் அமைப்பு வேறு. பொதுவான நடைமுறை என்னவென்றால், பட்டம், பதிவு, அனுபவச் சான்று ஆகியவற்றை டேட்டாஃப்ளோ என்னும் ஆவணச் சரிபார்ப்பு நிறுவனம் வழியாக அவை வழங்கிய இடத்திலேயே சரிபார்க்கிறார்கள்; பிறகு கணினித் தேர்வு, நம்மவர் பேச்சில் ‘ப்ரோமெட்ரிக்’. ஆர்.சி.ஐ.-யிடமிருந்து நன்னடத்தைச் சான்றும் வேண்டும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அனுபவச் சான்று பற்றி ஓர் எச்சரிக்கை. ஊரில் சிறிய மையங்களில் சம்பளச் சீட்டு இல்லாமல், கையில் பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் வழக்கம் உண்டு. சரிபார்ப்பவர்கள் அந்த மையத்துக்கு எழுதிக் கேட்கும்போது பதில் வராவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கில் வராது. சம்பளம் குறைவாக இருந்தாலும் நியமனக் கடிதம் தரும் இடத்தில் முதல் வேலையைத் தேடுவது நல்லது.

இங்கிலாந்து பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் இங்கிருந்து அடுத்து அங்கே போக நினைப்பவர்கள் அதிகம். அங்கே பேச்சு மொழி சிகிச்சையாளர் என்ற பெயரைச் சட்டம் காக்கிறது, எச்.சி.பி.சி. என்னும் உடல்நலத் தொழில்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்யாமல் அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது. ஆங்கிலத் தேர்வில் அவர்கள் மற்ற பெரும்பாலான துணைமருத்துவத் தொழில்களுக்குக் கேட்பதைவிட இதற்கு அதிகம் கேட்கிறார்கள்: ஐ.இ.எல்.டி.எஸ். மொத்தத்தில் 8.0, எந்தப் பகுதியிலும் 7.5-க்குக் குறையக் கூடாது. பேச்சையே சோதிக்கும் தொழில் என்பதால் இது நியாயம்தான் என்றே நான் கருதுகிறேன். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே அறிக்கை எழுதிப் பழகினால் எழுத்தும் வாசிப்பும் கைக்கு வந்துவிடும்.

மறுமொழி 5: பொள்ளாச்சி தெரபிஸ்ட்

இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். ஆர்.சி.ஐ. பதிவு உங்கள் மகளுக்கு உரியது. மையத்துக்கு உரியது அன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதுவானாலும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அந்தந்த மாநிலத்தின் உரிய அதிகாரியிடம் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். இதில்தான் மாநில எல்லை குறுக்கே வருகிறது. பாலக்காட்டில் ஒன்றும் பொள்ளாச்சியில் ஒன்றும் தொடங்கினால் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு. மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கும் இரு மாநிலங்களிலும் வெவ்வேறு சட்டங்கள் உள்ளன. உங்கள் மையம் அவற்றின் கீழ் வருமா என்பதை இடம் வாடகைக்கு எடுக்கும் முன் அந்தந்த மாவட்ட அலுவலகத்தில் எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள்.

செவித்திறன் சோதனை செய்வதானால் ஒலி புகாத அறையும், காலந்தோறும் அளவு சரிபார்த்த ஆடியோமீட்டரும் (கேட்கும் திறனை அளக்கும் கருவி) வேண்டும். பதிவு எண்ணை ஆடியோகிராமில் (அந்தச் சோதனையின் முடிவுத்தாள்) எழுதிக் கையொப்பமிடுபவர், அந்த எண்ணைப் போலவே கருவியின் சரிபார்ப்புத் தேதிக்கும் பொறுப்பாளர். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான சட்டத்தில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’, 70-உம் அதற்கு மேலும் இருந்தால் ‘காது கேளாதவர்’ என்று வகுத்திருக்கிறார்கள். ஆகவே ஐந்து டெசிபல் பிழைகூட ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய சலுகையைப் பறித்துவிடும்.

ஆனால் இவை நான்கு ஆண்டுகளுக்குப் பிறகான கவலைகள். இப்போது செய்ய வேண்டியது, கேரளத்தில் துணைமருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான எல்.பி.எஸ். மையத்தின் சேர்க்கை அறிவிப்பைத் தவறவிடாமல் பார்ப்பதும், மொழிச் சிறுபான்மையினர் என்பதற்கும் வருமானத்துக்கும் உரிய சான்றுகளைக் கிராம அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வைப்பதும்தான். கல்லூரிப் பட்டியல் கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுங்கள் ஐயா. ஒவ்வொன்றின் ஒப்புதல் ஆண்டையும் சேர்ந்து பார்த்துவிடலாம்.